எங்கள் இல்லத்துப் பேரிமரம்

அம்பத்தூரில் எங்கள் இல்லத்தின் பின்புறம், கிணற்றடியை ஒட்டி ஒரு மரம் நிற்கிறது. அரச இலையைச் சிறிதாக்கி, அதன் வால் நுனியை நறுக்கிவிட்டது போன்ற பளபளப்பான இலைகள். மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டும் உயரம். வருகிறவர்கள் இது என்ன மரம் என்று கேட்பார்கள். பேரிமரம் என்போம். வியப்போடு ஏறிட்டுப் பார்த்து, "காய்க்கிறதா?" என்பார்கள். இல்லை என்போம். "பின் எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒற்றை வரியில் விடை சொல்ல எங்களுக்கு இயலவில்லை. நம் பங்குகளில் எங்களைப் போன்ற குடும்பங்கள் பல உண்டு என்பதால், அந்த விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறோம்.

பேரிக்காயை அறியாதவர் சென்னையில் இல்லை. ஆடி, ஆவணி மாதங்களில் தள்ளுவண்டிகளில் மலைப் பேரிக்காய் குவிந்திருக்கும். கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். காஷ்மீரிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் வரும் மென்மையான வகைகள் பழக்கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஆயினும், பேரிமரத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. எங்கள் இல்லத்துக்கு அம்மரம் வந்த வரலாறு எங்கள் தந்தையாரோடு சேர்ந்தது.

தந்தையார் பழனி மலையில், கொடைக்கானலை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, பழத்தோட்டங்களில் உழைத்து வாழ்ந்தவர். கொடைக்கானலில் 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மறைபரப்பாளர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். பின்னர் சேசு சபைத் தந்தையரும் வந்தார்கள். 1866-இல் சலேத் அன்னைக்கு ஆலயம் எழுந்தது. 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தொடங்கப்பெற்றது. பேரி, பிளம்ஸ், பீச் போன்ற குளிர்நாட்டுப் பழமரங்கள் இவ்வாறு கடல் கடந்து வந்தவர்கள் வழியாகவே நீலகிரியிலும் பழனி மலையிலும் வேர்கொண்டன. ஆகஸ்டு 15-இல் நிறைவுறும் சலேத் அன்னையின் திருவிழாவும் பேரிக்காய் அறுவடையும் ஒரே பருவத்தில் வருவன. ஆகையால் தந்தையாரின் பேச்சில் திருவிழாவும் பேரியும் பிரியாமலே இருக்கும்.

பேரியைப் பறிப்பதே ஒரு கலை என்பார். காயை உள்ளங்கையில் ஏந்தி, கிடைமட்டமாகச் சற்றே தூக்க வேண்டும். காம்பு தானாக விலகினால் அது பறிக்கும் பருவம். விலகாவிட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். மரத்திலேயே பழுக்க விட்டால் வெளியே நன்றாயிருக்கும். உள்ளே நடுப்பகுதி குழைந்துவிடும். எனவே காயாகப் பறித்து, வைக்கோல் பரப்பிய பெட்டியில் குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரம் வைப்பார்கள். எங்கள் தாயார் ஒவ்வொரு காயையும் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார். இரவில் அறை முழுதும் அந்த மணம் நிறைந்திருக்கும்.

சிறுவர்கள் தோட்டத்தில் புகுந்து பேரி திருடினால் தந்தையார் அதட்டுவதில்லை. புனித அகுஸ்தினாரே திருடினாரே என்பார். தம் பதினாறாம் வயதில், வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் தம் சொந்த ஊரில், நண்பர்களோடு இரவில் சென்று அயலாரின் பேரிமரத்தை உலுக்கிக் காய்களை அள்ளி வந்து, பெரும்பாலும் உண்ணாமல் பன்றிகளுக்கு எறிந்த செய்தியைத் தம் 'ஒப்புதல்கள்' நூலின் இரண்டாம் பகுதியில் அகுஸ்தினாரே எழுதிவைத்திருக்கிறார். மலையில் இருந்த குரு ஒருவரிடம் இளமையில் கேட்ட இக்கதையைத் தந்தையார் ஒருபோதும் மறக்கவில்லை. "தின்னாமல் எறிந்ததுதான் பாவம், நீங்கள் தின்றுவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்.

2009-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில் எங்கள் தாயார் இறைவனடி சேர்ந்தார். தந்தையாருக்கு அப்போது வயது 73. மலையில் தனியே விட்டுவைக்க எங்கள் மனம் இடங்கொடுக்கவில்லை. பெற்றோரைப் போற்றச் சொல்லும் நான்காம் கட்டளையை நிறைவேற்றுகிறோம் என்ற மனநிறைவோடு 2010 ஜூன் மாதத்தில் அவரை அழைத்து வந்தோம். கொடைரோடு நிலையத்தில் ஏறி மறுநாள் காலை எழும்பூரில் இறங்கியபோது, அவரிடம் ஒரு தகரப் பெட்டியும், எண்ணெய் டின்னில் மண்ணோடு நின்ற ஓர் ஒட்டுக்கன்றும் இருந்தன. பெட்டியை எங்களிடம் கொடுத்தார்; டின்னைக் கொடுக்கவில்லை.

அந்தக் கன்று 'கீஃபர்' என்னும் வகை. அதன் பிறப்பும் ஒரு கதையே. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரை அடுத்து வாழ்ந்த பீட்டர் கீஃபர் என்ற தோட்டக்காரர், அழகுக்காகச் சீனத்து மணற்பேரியை வளர்த்து வந்தார். அதன் விதையிலிருந்து முளைத்த கன்றொன்று, அருகில் நின்ற ஐரோப்பியப் பேரியின் மகரந்தத்தால் உண்டான கலப்பு என்று கருதப்படுகிறது. அதன் காய்கள் 1876-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டுப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டன. தாய் சீனம், தந்தை ஐரோப்பா, பிறந்த மண் அமெரிக்கா. வாழ வந்ததோ பழனி மலைக்கும் கூட! நீர் உறையும் நிலைக்குக் கீழே இருபது பாகைக்கும் மேல் இறங்கும் கடுங்குளிரையும் அது தாங்கும். காய் சற்றுக் கடினம். கடிக்கும்போது மணல் மணலாகப் பல்லில் படும். ஆயினும் சமைக்கவும் பாகில் இட்டுப் பதப்படுத்தவும் அதற்கு நிகரில்லை.

இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டினோம். எங்கள் பகுதி களிமண்ணை நீக்கிச் செம்மண்ணும் மணலும் தொழு உரமும் இட்டோம். வேப்பம் புண்ணாக்குச் சேர்த்தோம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்ததால் மழைநீரைத் தொட்டியில் சேமித்து ஊற்றினோம். மே மாதத்தில் இலை ஓரங்கள் கருகியபோது தென்னங்கீற்றால் பந்தலிட்டோம். கன்று பிழைத்தது, வளர்ந்தது, இலை விட்டது. பூக்கவில்லை.

தந்தையாருக்கும் குறை வைக்கவில்லை என்றே எண்ணினோம். காற்றோட்டமான முன்னறையைக் கொடுத்தோம். மருத்துவரிடம் தவறாமல் அழைத்துச் சென்றோம். 2012 கோடையில் அவர் வியர்த்துத் தவிப்பதைக் கண்டு, கடன் வாங்கி அறைக்குக் குளிர்சாதனப் பெட்டி பொருத்தினோம். இரண்டு இரவுகள் அதில் உறங்கினார். மூன்றாம் நாள் கட்டிலைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிட்டார். "இது குளிர் இல்லை, அடைத்து வைத்த காற்று" என்றார். எங்களுக்கு வருத்தமே. இவ்வளவு செய்தும் இந்தப் பெரியவருக்கு நிறைவில்லையே என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதையும் இங்கு மறைக்க விரும்பவில்லை.

மலையில் அவர் கோவிலுக்கு நடந்து போகும்போது வழியெங்கும் பத்துப் பேரோடு பேசுவார். இங்கே ஞாயிறு திருப்பலிக்கு எங்களோடு வண்டியில் வந்து, வண்டியில் திரும்புவார். அவர் பெயரைச் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. நாள் முழுதும் தாழ்வாரத்தில் அமர்ந்து பேரிமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரது பேச்சுக் குறைந்தது, உணவு குறைந்தது. முதுமை என்று எண்ணிக்கொண்டோம்.

2013 மார்ச் 3, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று வாசிக்கப்பட்டது லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் காய்க்காத அத்திமரத்தின் உவமை. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ, கொத்தி எருப்போட்டுப் பார்க்க இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். நம் எல்லாருக்கும் தெரிந்த உவமைதான். பகல் உணவின்போது நாங்கள் சிரித்துக்கொண்டே, "நம் மரத்துக்கும் மூன்று ஆண்டு ஆகப்போகிறது. எருவும் போட்டாயிற்று. வெட்டிவிட்டு வண்டி நிறுத்தக் கொட்டகை போடலாமா?" என்றோம். உள்ளபடியே கொத்தனாரிடம் விலையும் கேட்டு வைத்திருந்தோம்.

தந்தையார் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். "மரத்தின்மேல் குற்றமில்லை ஐயா. அதற்குக் குளிர் கிடைக்கவில்லை" என்றார்.

பிறகு நெடுநாள் கழித்து அவர் நீளமாகப் பேசியதை அன்றுதான் கேட்டோம். மாமரமும் கொய்யாவும் வெயிலின் பிள்ளைகள். பேரியோ உறங்கி எழுந்து பூக்கும் மரம். அடுத்த ஆண்டின் பூமொட்டு, முந்தின ஆண்டிலேயே குறுங்கிளைகளில் உருவாகிவிடும். மலையில் கார்த்திகை பிறந்தால் இலை பழுத்து உதிரும். மரம் மொட்டையாய் உறங்கும். மார்கழி, தை இரவுகளின் குளிர் அந்த மொட்டுக்குள் மணி மணியாகச் சேரும். போதிய அளவு சேர்ந்தபின் வெயில் ஏறினால்தான் மொட்டு அவிழும். குளிர் கிடைக்காத மரத்துக்கு உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. பழைய இலையோடு அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

அவர் அனுபவத்தால் சொன்னதைப் பின்னர் நூல்களிலும் படித்து அறிந்தோம். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ் மரம் கழிக்கும் நேரத்தைத் தோட்டக்கலையார் கணக்கிடுகிறார்கள். 'பார்ட்லெட்' போன்ற புகழ்பெற்ற ஐரோப்பியப் பேரிக்குச் சுமார் 800 மணி நேரம் வேண்டும். கீஃபருக்குச் சுமார் 350 மணி நேரம் போதும். கடுங்குளிரைத் தாங்கும் அம்மரம் குறைந்த குளிரோடும் நிறைவடையும். ஆகவேதான், கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் இருந்தும் கடுங்குளிர் இல்லாத கொடைக்கானலில் அது காய்க்கிறது. பஞ்சாபில் அமிர்தசரசைச் சுற்றியுள்ள சமவெளியிலும் 'பத்தர்நாக்' என்னும் கடினப் பேரி விளைகிறது. அங்கே குளிர்கால இரவுகள் அவ்வளவு குளிர்ந்தவை. ஆகவே சமவெளி என்பது குறையன்று, குளிரின்மையே குறை. சென்னையிலோ, நூறாண்டுக்கு மேற்பட்ட வானிலைப் பதிவில் மிகக் குறைந்த வெப்பநிலையே 14 பாகையை ஒட்டித்தான். மார்கழியிலும் இரவு 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எங்கள் மரம் மூன்று ஆண்டுகளில் ஒரு மணி நேரக் குளிரையும் பெற்றிருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். பேரி பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே நன்றாகக் காய்ப்பதில்லை. வேறு வகைப் பேரி ஒன்று அருகில் பூத்திருந்தால்தான் நிறையக் காய் பிடிக்கும். அதனால்தான் தோட்டங்களில் கீஃபரோடு நாட்டுப் பேரியையும் கலந்து நடுவார்கள். "ஒன்றியாய் நிற்கிற மரம், பூத்தாலும் காய்ப்பது கடினம்" என்றார்.

"அப்படியானால் இது காய்க்காது என்று உங்களுக்கு முதலிலேயே தெரியுமா அப்பா?" என்று கேட்டோம்.

"தெரியும். உங்கள் அம்மா கடைசியாகத் தின்றது அந்த மரத்துப் பழம். அதிலிருந்து கட்டிய ஒட்டு இது. காய்க்கும் என்று கொண்டுவரவில்லை. கூட இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன்."

யாரும் பேசவில்லை. அப்போது எங்கள் பத்து வயது மகள், "தாத்தா, உங்களுக்கும் குளிர் வேண்டுமா?" என்று கேட்டாள். தந்தையார் சிரித்தார், சிரித்துக்கொண்டே தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக நாங்கள் கொடுத்ததெல்லாம் எங்களிடம் இருந்ததை; அவருக்கு வேண்டியது எது என்று ஒருநாளும் கேட்கவில்லை. மரத்துக்கு எருவும் பந்தலும், அவருக்கு மருந்தும் குளிர்சாதனமும் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் ஏன் வாடுகிறார்கள் என்று வியந்துகொண்டிருந்தோம். அதற்கு மேலும், காய்க்கவில்லை என்று குறையும் சொன்னோம்.

ஆயினும் அடுத்து என்ன செய்வது என்பது எளிதாக இருக்கவில்லை. அவருக்கு இதயத்துக்கு மாத்திரை நடந்துகொண்டிருந்தது. மலைக்குளிர் ஆகாது என்றார் மருத்துவர். அங்கே போய், நாங்கள் யாரும் அருகில் இல்லாத நேரத்தில் ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ற அச்சம் எங்களை வாட்டியது. தகப்பனை மலைக்குத் துரத்திவிட்டார்கள் என்று பங்கில் பேசுவார்களே என்ற வெட்கமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இரண்டில் எது பெரிதாய் இருந்தது என்று இன்றும் நாங்கள் துணிந்து சொல்ல மாட்டோம். பங்குத்தந்தையிடம் சென்று கேட்டோம். அவர் அறிவுரை ஒன்றும் கூறவில்லை, "அவரிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டோம். முழுவதுமாகப் போகவேண்டாம் என்றார் தந்தையார். பேரப்பிள்ளைகளை விட்டு இருக்க முடியாது. ஆனால் கல்லறைத் திருநாளுக்கு முன் போய், பேரி உறங்கிப் பூத்து முடியும் மட்டும் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்றார். அவருடைய தங்கை மகன் வீட்டில் தங்க ஏற்பாடு செய்தோம். 2013 அக்டோபர் இறுதியில் கம்பளித் தொப்பியும் மாத்திரைப் பையுமாக அவரை ஏற்றி விட்டோம். பங்குனியில் திரும்பியபோது, தைக் கவாத்தில் கிடைத்த கீறல்கள் கையிலெல்லாம் இருந்தன. ஓயாமல் பேசினார். இரண்டு இட்டிலி கூடுதலாகச் சாப்பிட்டார். எதிர்பார்த்தபடியே பங்கில் சிலர் பேசினார்கள். அதைச் செவியில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்கப் பழகினோம். மரத்தை வெட்டும் பேச்சு அதன்பின் எழவில்லை. கொட்டகைக்கு வைத்திருந்த பணம் மலைப் பயணங்களுக்கு ஆயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவும் தப்பவில்லை. தோட்டத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. பப்பாளிகள் வேரழுகிச் சாய்ந்தன. பேரிமரம் மட்டும் அசையாமல் நின்றது. ஈரத்தைத் தாங்கும் வேர் அதற்கு உண்டு என்று தொலைபேசியில் தந்தையார் பெருமையோடு சொன்னார்.

மறு ஆண்டு, 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு மறுநாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அன்று வீழ்ந்த மரங்களை இந்நகரத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் கம்பிகளோடு சரிந்தன. இல்லத்து முருங்கை முறிந்தது. மாலையில் காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தபோது, பேரிமரத்தில் ஓர் இலைகூட இல்லை. வெறும் குச்சிகளாய் நின்றது. அதுவும் போயிற்று என்று எண்ணினோம். தந்தையாரிடம் சொல்லவில்லை.

புயலுக்குப் பின் மழை இல்லை. பனி விழும் மார்கழி கழிந்து தை பிறந்தது. பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு காலையில், கிணற்றடிக்குப் போன மகள் கூவி அழைத்தாள். மரத்தின் கிழக்குக் கிளையில் வெள்ளையாய் மூன்று கொத்துகள். எண்ணினோம்: 17 பூக்கள். ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவே செம்பழுப்பு முடிச்சுகள். மணம் ஒன்றும் இனியதில்லை. ஆனால் ஏழாண்டில் நாங்கள் கண்ட முதற்பூ.

தொலைபேசியில் சொன்னபோது தந்தையார் நம்பவில்லை. பின்பு மறுமுனையில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலை வாயிலில் நின்றார். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு சிறு கிளை. மலையில் முன்கூட்டியே பூத்திருந்த நாட்டுப் பேரியின் கிளை அது. எண்பதாவது வயதில் பேருந்திலும் இரயிலிலும் அதை மடியில் வைத்துக் கொணர்ந்திருக்கிறார். காலணியையும் கழற்றாமல் நேரே கிணற்றடிக்குப் போனார். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஏற வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. அந்தப் பூவை இந்தப் பூவோடு மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தார்.

எப்படிப் பூத்தது என்று கேட்டோம். காற்று இலைகளை ஒரே நாளில் உருவிவிட்டது. பின்பு வறண்ட பனி. உறக்கம் வந்ததாக எண்ணி மரம் ஏமாந்து விழித்திருக்கும் என்றார். சாவகத் தீவின் கிழக்கே பத்து என்னும் மலையூரில் உழவர்கள் ஆப்பிள் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிட்டே பூக்க வைக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தபோது, அவர் சொன்னது சரியே என்று கண்டோம். நாங்கள் பந்தலிட்டுக் காத்தபோது பூக்காத மரம், காற்று அனைத்தையும் பறித்துக்கொண்டு போனபின் பூத்தது. இதற்குப் பொருள் சொல்லத் தந்தையார் முற்படவில்லை. நாங்களும் முற்படவில்லை.

ஒரு காய் பிடித்தது. சுண்டைக்காய் அளவுக்கு வந்தது. தவக்காலம் தொடங்கிய சில நாட்களில், மாசி வெயில் ஏறியபோது உதிர்ந்துவிட்டது. தந்தையார் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "வந்ததே" என்றார், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு அவர் திரும்ப மலைக்குப் போகவில்லை. தவக்காலத்தில் ஒருநாள் மாலை, புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கம்மாளின் கடைசி நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தார். தம் கணவரின் கல்லறைக்கு அருகே தமக்கும் இடம் வைத்திருந்த அந்த அம்மையார், 387-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பும் வழியில் இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றார். இந்த உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், அதற்காக வருந்தாதீர்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைவுகூருங்கள் என்று மக்களிடம் கூறினாராம். இதைச் சொல்லிவிட்டுத் தந்தையார், "நானும் அதையே சொல்லி வைக்கிறேன். என்னை மலையேற்றிச் சிரமப்படாதீர்கள். உங்கள் அம்மா புரிந்துகொள்வாள்" என்றார். 2017 மே மாதத்தில், வணக்க மாதத்துச் செபமாலை முடிந்த ஓர் இரவில், உறக்கத்திலேயே அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அவர் விரும்பியபடியே எங்கள் பங்குக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவ்வாண்டு கல்லறைத் திருநாளில் அவர் கல்லறை மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று தாயாரின் கல்லறையில் இட்டோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் வீட்டுத் தோட்டம் போட நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். பழத்துக்காக என்றால் கொய்யா நடுங்கள்; சப்போட்டா, மாதுளை, எலுமிச்சை நடுங்கள். நம் வெயிலை விரும்பும் மரங்கள் அவை. மூன்று, நான்கு ஆண்டில் பலன் தரும். பேரியையும் குளிர்நாட்டு ஆப்பிளையும் வாங்கி வந்து வருத்தாதீர்கள். மலையில் நிலம் உள்ளவர்கள் கீஃபரோடு வேறொரு வகைப் பேரியையும் சேர்த்து நட்டால் நன்மை.

இன்னொரு சொல்லும் உண்டு. தென் மாவட்டங்களிலிருந்தும் மலைகளிலிருந்தும் கடலோரச் சிற்றூர்களிலிருந்தும் முதிய பெற்றோரை அழைத்து வந்து நம்மோடு வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனையோ. அன்போடுதான் வைத்திருக்கிறோம். அவர்கள் வாடினால் முதுமை என்கிறோம். முணுமுணுத்தால் நன்றியில்லை என்கிறோம். அவர்களுக்கு வேண்டியது கடற்காற்றா, பழகிய கோவில் மணியா, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு தோழரா என்று நாமாகத் தீர்மானித்துவிடாமல், அவர்களிடமே கேட்பது நல்லது. எல்லாவற்றையும் நம்மால் கொடுக்க முடியாது. எங்களாலும் முடிந்தது ஆண்டில் ஐந்து மாதமே. அதுவும் முதல் மூன்று ஆண்டுகளை வீணாக்கிய பின்.

2025 மார்ச் 23, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று அதே உவமை மீண்டும் வாசிக்கப்பட்டது. முன்பெல்லாம் அதில் உரிமையாளரின் சொல்லே எங்களுக்குக் கேட்கும். இப்போது, மரத்துக்காக ஓராண்டு தவணை கேட்ட அந்தத் தோட்டக்காரரின் குரல் கேட்கிறது; அது எங்களுக்கு நன்கு பழகிய குரலாக இருக்கிறது.

திருப்பலி முடிந்து வீடு வந்து, மழைநீர்த் தொட்டியிலிருந்து மரத்துக்கு இரண்டு குடம் ஊற்றினோம். வர்தாவுக்குப் பின் அது பூக்கவே இல்லை. காய்க்கிறதா என்று கேட்பவர்களிடம், "இல்லை, ஒருமுறை பூத்தது" என்று சொல்கிறோம்.